கட்டியின் குணம் அறிதல்: மார்பகப் புற்றுநோயில் மரபணு வெளிப்பாட்டு மார்க்கர்களும் குமரி மாவட்டமும்

புற்றுநோயை எண்ணிக் கணக்கெடுக்கும் வழக்கம் குமரி மாவட்டத்துக்குப் புதிதில்லை. இப்பகுதி திருவிதாங்கூரின் தென்கோடியாக இருந்த காலத்திலேயே, 1908இல், நெய்யூர் மருத்துவ மிஷனைச் சேர்ந்த டாக்டர் பென்டால் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். 1933இல் இயன் ஆர் என்ற மருத்துவர், வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் எழுதினார். உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இவை. அன்றைய மருத்துவர்களிடம் இருந்தவை கண், கை, கத்தி, நோட்டுப் புத்தகம். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அது எப்படிப்பட்ட கட்டி, எந்த மருந்துக்கு அடங்கும், திரும்பி வருமா என்று சொல்ல வழியில்லை.

இன்று தமிழகப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுக்கு. உலகப் புற்றுநோய்க் கணிப்பான குளோபோகான் 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,92,020 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாகவும் 98,337 பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. உலக அளவில் புதிய நோயாளிகள் 23 லட்சம், இறந்தோர் 6,70,000. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் நிலை தெரியும். உலகில் இறப்பு புதிய நோயாளிகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கிறது. இந்தியாவில் பாதியைத் தாண்டுகிறது.

இந்த இடைவெளியைக் குறைப்பதில் மரபணு வெளிப்பாட்டு மார்க்கர்களுக்கு என்ன பங்கு? ‘ஜீன் டெஸ்ட்’ என்ற சொல் நாகர்கோவில் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் நோயாளி வீட்டாரின் பேச்சில்கூட வந்துவிட்டது. அந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, யாருக்குத் தேவை, அதற்கு முன்னால் இந்த மாவட்டத்தில் எது சரியாக நடந்தாக வேண்டும் என்பதை ஒழுங்காகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபணு வெளிப்பாடு என்பது என்ன

நம் உடம்பின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். புரதம் செய்யும் குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் சுமார் 20,000. கண்ணின் அணுவிலும் மார்பகத்துப் பால்நாள அணுவிலும் அதே தொகுதி இருந்தும் இரண்டும் வேறுவேறு வேலை செய்கின்றன. நாஞ்சில் நாட்டுக்காரருக்குக் குளத்தையும் மடையையும் வைத்து இதைச் சொல்லிவிடலாம். குளத்துத் தண்ணீர் ஒன்றுதான். எந்த மடை திறந்திருக்கிறது, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த வயல் விளையும் என்பது மாறும். எந்த மரபணு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே மரபணு வெளிப்பாடு.

திறந்த மரபணுவின் குறிப்பு முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அந்தப் படியைப் பார்த்துப் புரதம் உருவாகிறது. ஆகவே வெளிப்பாட்டை இரண்டு இடங்களில் அளக்கலாம். ஆர்.என்.ஏ.வை அளப்பது ஒரு வழி. புரதத்துக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது மற்றொரு வழி.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். பிராக்கா-1, பிராக்கா-2 சோதனைகள் பரம்பரையாக வரும் மரபணுப் பிழையைத் தேடுபவை. மேரி-கிளேர் கிங் 1990இல் பிராக்கா-1 பதினேழாம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அச்சோதனைக்கு ரத்தம் போதும். அதன் முடிவு மகளுக்கும் அக்கா தங்கைக்கும் பொருந்தக்கூடும். வெளிப்பாட்டுச் சோதனைக்குக் கட்டியின் சதை வேண்டும்; அது அந்தக் கட்டியின் குணத்தை மட்டுமே சொல்லும். ‘ஜீன் டெஸ்ட்’ என்று ஒரே பெயரில் இரண்டையும் அழைப்பதால் பல குடும்பங்கள் தேவையற்ற அச்சத்துக்கும் தேவையற்ற செலவுக்கும் ஆளாகின்றன.

நாம் ஏற்கெனவே பார்த்துவரும் மார்க்கர்கள்

மரபணு வெளிப்பாட்டு மார்க்கர் என்றதும் லட்சங்கள் செலவாகும் அமெரிக்கச் சோதனை நினைவுக்கு வருகிறது. ஆனால் பயாப்சி அறிக்கையின் கடைசிப் பகுதியில் வரும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்றும் வெளிப்பாட்டு மார்க்கர்களே. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதங்களுக்கு உரிய மரபணுக்கள் கட்டியில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதையே அவை காட்டுகின்றன.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1896இல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்று உள்ள பெண்களுக்குச் சூற்பைகளை அகற்றியபோது சிலருக்குக் கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார். ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எல்வுட் ஜென்சனின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆய்வு விடை தந்தது. ஏற்பி இருக்கும் கட்டிதான் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அதை அடைத்தால் வாடுகிறது. அடைக்கும் மாத்திரையான டமாக்சிபென் 1977இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈ.ஆர். உள்ள பெண்கள் அதை ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல்லாயிரம் பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. சில ரூபாய் விலையுள்ள மாத்திரை இது.

1987இல் டெனிஸ் ஸ்லாமன் குழு ஹெர்-2 மரபணு பெருகிய கட்டிகள் சீக்கிரம் திரும்புகின்றன என்று காட்டியது. ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு கட்டிகள் இவ்வகை. அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் அனுமதி பெற்றது. 2014இல் பயோகான் நிறுவனம் இந்தியாவிலேயே அதன் நிகர்மருந்தைக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கியது. கெட்ட செய்தியாக இருந்த ஹெர்-2, மருந்து வந்ததும் நம்பிக்கை தரும் செய்தியாக மாறியது. மார்க்கரின் மதிப்பு அது திறந்துவிடும் சிகிச்சையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

2000க்குப் பின்: ஆயிரக்கணக்கில் மரபணுக்கள்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே கண்ணாடித் தகட்டில் அளக்கும் மைக்ரோஅரே நுட்பம் வந்தது. 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் சார்ல்ஸ் பெரூவும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை, 42 நோயாளிகளின் திசுக்களில் 8,000க்கு மேற்பட்ட மரபணுக்களை அளந்தது. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிந்த கட்டிகள் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்தன. அதையும் அடுத்து வந்த ஆய்வுகளையும் சேர்த்து லூமினல்-ஏ, லூமினல்-பி, ஹெர்-2 மிகுந்தது, பேசல் வகை என்ற பிரிவுகள் நிலைபெற்றன. மார்பகப் புற்று என்பது ஒரே இடத்தில் வரும் பல நோய்கள் என்பது அன்று முதல் உறுதியானது.

2002இல் ஆம்ஸ்டர்டாமின் நெதர்லாந்து புற்றுநோய்க் கழகத்தில் லாரா வான்ட் வீர் குழு 70 மரபணுக்கள் கொண்ட கணிப்புத் தொகுதியை அறிவித்தது. அதுவே மம்மாபிரிண்ட் சோதனையாகி 2007இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 2004இல் சூன்மியுங் பைக் குழு 21 மரபணுக்கள் கொண்ட ஆன்கோடைப் டி.எக்ஸ். சோதனையை 668 பெண்களின் பழைய திசுக்களில் சரிபார்த்தது. 2009இல் 50 மரபணுக்கள் கொண்ட பாம்-50 வந்தது. அது புரோசிக்னா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இவற்றில் 21 மரபணுச் சோதனையைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். அதில் ஐந்து மரபணுக்கள் எல்லா அணுவிலும் சீராக வெளிப்படும் ஒப்பீட்டு மரபணுக்கள். மற்றவை எவ்வளவு என்று சொல்ல அவையே அளவுகோல். மீதிப் பதினாறில் கி-67, சர்வைவின் உள்ளிட்ட ஐந்து, அணு எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைச் சொல்லும். ஈ.ஆர்., பி.ஆர்., பி.சி.எல்-2, ஸ்கியூப்-2 ஆகிய நான்கும் ஹார்மோன் வழியைச் சொல்லும். ஹெர்-2வும் அதன் பக்கத்து மரபணுவான ஜி.ஆர்.பி-7உம் ஒரு தொகுதி. இரண்டு, கட்டி அக்கம்பக்கத்துத் திசுவைத் துளைத்துச் செல்லும் திறன் பற்றியவை. மற்றவை மூன்று. எல்லாவற்றையும் எடைபோட்டு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். பெருக்கத்தின் தொகுதிக்கே அதில் பெரிய எடை.

திசுநோயியல் மருத்துவருக்கு இதில் புதுமை குறைவு. அணுப்பிரிவையும் எண்ணித் தரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதும் நாட்டிங்காம் முறை அதே பெருக்கத்தையும் கண்ணால் அளக்கிறது. இருபத்தோரு மரபணுக்கள் அதை இன்னும் சீராக, ஆளுக்கு ஆள் மாறாதபடி அளக்கின்றன. அங்கேதான் அவற்றின் வலிமை இருக்கிறது.

நோயைக் கண்டறிவதா, போக்கைக் கணிப்பதா

இச்சோதனைகள் எவையும் ‘இது புற்றுநோயா’ என்ற கேள்விக்கு விடை சொல்வதில்லை. புற்றுநோய் என்று உறுதியான பிறகே இவற்றுக்கு வேலை. நோயைக் கண்டறிய இன்றும் மூன்று படிகள்தான்: மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது, மேமோகிராம் அல்லது ஸ்கேன், ஊசி வழியே எடுக்கும் ட்ரூகட் பயாப்சி. மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சும் எப்.என்.ஏ.சி. சீக்கிரம் முடிவு தரும். ஆனால் புற்று நாளத்துக்குள் அடங்கியிருக்கிறதா, வெளியே பரவியிருக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. மார்க்கர் பார்க்கவும் ட்ரூகட் துணுக்கே நம்பத்தக்கது.

நோய் கண்டறிதலிலேயே நேரடியாகக் கைகொடுக்கும் வெளிப்பாட்டு மார்க்கர்களும் உண்டு. அவை பற்றிப் பொதுமக்களிடம் பேச்சு குறைவு. அறிக்கையில் அவற்றின் இடம் பெரிது. நல்ல பால்நாளத்தைச் சுற்றி மயோஎபிதீலிய அணுக்கள் ஓர் அரண்போல நிற்கும். பி-63, கால்போனின் என்ற புரதங்களுக்குச் சாயமேற்றினால் அந்த அரண் தெரியும். அரண் இருந்தால் நோய் நாளத்துக்குள் அடங்கியது. அரணே இல்லையென்றால் பரவும் புற்று. ஈ-கட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம் காணாமல் போயிருந்தால் அது பெரும்பாலும் லோபுலார் வகை. இவ்வகை வரிசைவரிசையாக ஊடுருவுவதால் கைக்கும் மேமோகிராமுக்கும் எளிதில் சிக்காது. கழுத்து நெறிகட்டியிலோ நுரையீரலிலோ புற்று தென்பட்டு மூலம் தெரியாதபோது, காட்டா-3 என்ற மார்க்கர் மார்பகத்தை நோக்கிக் கைகாட்டும்.

ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 15-3 போன்றவற்றை நோய் கண்டறியப் பயன்படுத்தக் கூடாது. தொடக்க நிலைப் புற்றில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ‘ரத்த டெஸ்ட் நார்மல், கட்டி ஒன்றும் செய்யாது’ என்று ஒரு பெண் வீட்டுக்குத் திரும்பினால் இழப்பது மாதங்களை. ரத்தத்தில் சுற்றும் நுண் ஆர்.என்.ஏ.க்களையும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளையும் கொண்டு தொடக்கத்திலேயே கண்டறியும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. அவை எதுவும் இன்னும் பயாப்சியின் இடத்தைப் பிடிக்கவில்லை.

பெரிய ஆய்வுகள் சொன்னவை

அப்படியானால் பல மரபணுச் சோதனைகள் எதற்கு? ஈ.ஆர். உள்ள, ஹெர்-2 இல்லாத, தொடக்க நிலைப் புற்றுக்கு அறுவைக்குப் பின் கீமோ தேவையா என்ற ஒரே கேள்விக்கு. கேள்வி ஒன்றானாலும் கனமானது. முடி உதிர்வது, வாந்தி, தொற்று, வேலை இழப்பு, பேருந்துச் செலவு, உடன்வருபவரின் கூலி எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன.

டெய்லர்-எக்ஸ் ஆய்வு 10,273 பெண்களைச் சேர்த்தது. ஜோசப் ஸ்பரானோ குழு 2018இல் முடிவை வெளியிட்டது. நெறிகட்டியில் பரவாத நோயில், 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்ற 6,711 பேரில் பாதிப் பேருக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், பாதிப் பேருக்குக் கீமோவும் சேர்த்துத் தரப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி இருந்தோர் முறையே 83.3, 84.3 விழுக்காடு. ஏறத்தாழச் சமம். ஐரோப்பாவின் மைன்டாக்ட் ஆய்வில் 6,693 பெண்கள். மருத்துவக் கணக்கில் ஆபத்து அதிகம், மரபணுக் கணக்கில் ஆபத்து குறைவு என்று வந்தவர்களில் கீமோ பெறாதோருள் 94.7 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் நோய் தொலைவில் பரவாமல் இருந்தனர்.

இந்த முடிவுகளுக்கு உள்ளே நம் நாட்டுக்கு மிக முக்கியமான ஒரு விவரம் இருக்கிறது: வயது. டெய்லர்-எக்ஸில் 50 வயதுக்குட்பட்டோரில், 16 முதல் 25 வரை மதிப்பெண் வந்தவர்களுக்குக் கீமோவால் ஓரளவு நன்மை தெரிந்தது. நெறிகட்டியில் ஒன்று முதல் மூன்று வரை பரவியிருந்தோரைப் பார்த்த ஆர்-எக்ஸ்-பாண்டர் ஆய்வில், மாதவிடாய் நின்றவர்களுக்குக் கீமோவால் பயனில்லை. நிற்காதவர்களுக்குக் கீமோவோடு 93.9 விழுக்காடு, கீமோ இல்லாமல் 89.0 விழுக்காடு என்று ஐந்தாண்டு முடிவு பிரிந்து நின்றது. கீமோவால் சூற்பை ஓய்வதே இதற்குக் காரணமா என்று விவாதம் தொடர்கிறது. அப்படியென்றால் சூற்பையை ஊசியால் அடக்கினாலே போதும். எப்படியானாலும் ‘மதிப்பெண் குறைவு, கீமோ வேண்டாம்’ என்ற வாக்கியத்தை இளம்பெண்ணிடம் அப்படியே சொல்லிவிட முடியாது.

நம் பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும்

இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்று மேலை நாடுகளைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. நாற்பதுகளில் உள்ளவர்கள் ஏராளம். ஆகவே மேலே சொன்ன வயது விவரம் இங்கே விதிவிலக்காக இருக்காது. பலருக்கும் பொருந்துவதாகவே இருக்கும். இரண்டாவது, கட்டி பெரிதாகி, அக்குளில் பல நெறிகட்டிகளுக்குப் பரவிய பிறகு வருவோர் அதிகம். அவர்களுக்குக் கீமோ தேவை என்பது மதிப்பெண் பார்க்காமலேயே தெரியும். மூன்றாவது, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே இல்லாத ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ வகை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் இது ஏறத்தாழ 30 விழுக்காடு. மேலை நாடுகளில் இதில் பாதி அளவே. இதற்கும் 21 மரபணுச் சோதனை பயன்படாது.

இவற்றைக் கழித்தால் சோதனையால் உண்மையில் பயன்பெறக்கூடியவர்கள் குறிப்பிட்ட ஒரு பிரிவினர்: மாதவிடாய் நின்ற, ஈ.ஆர். உள்ள, சிறிய கட்டியுள்ள, நெறிகட்டியில் பரவாத அல்லது சிறிதே பரவிய பெண்கள். அவர்களுக்கு இது தேவையற்ற கீமோவிலிருந்து விடுதலை. அவர்களை ஒதுக்குவது நியாயமில்லை. எல்லோருக்கும் எழுதித் தருவதும் நியாயமில்லை.

விலையும் ஒரு சுவர். அமெரிக்காவுக்குத் திசு அனுப்பிச் செய்யும் சோதனைக்குச் சில லட்சம் ஆகும். மஞ்சிரி பாக்ரே பெங்களூரில் தொடங்கிய ஆன்கோஸ்டெம் நிறுவனத்தின் கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் சோதனை வேறு வழியில் போகிறது. சி.டி-44, இரண்டு ஏ.பி.சி. கடத்திகள், என்-கட்ஹெரின், பான்-கட்ஹெரின் என்ற ஐந்து புரதங்களைச் சாயத்தால் அளந்து, கட்டியின் அளவு, தரம், நெறிகட்டி நிலை மூன்றையும் சேர்த்துக் கணினியால் ஆபத்தைக் கணிக்கிறது. ஆர்.என்.ஏ. தேவையில்லை என்பதும் இந்திய நோயாளிகளின் திசுக்களை வைத்து உருவானது என்பதும் இதன் சிறப்புகள். டெய்லர்-எக்ஸ் போன்று பல்லாயிரம் பேரை முன்னோக்கிப் பின்தொடர்ந்த ஆய்வின் வலிமை இதற்கும் கிடைக்க வேண்டும். செலவே இல்லாத வழிகளும் உள்ளன. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கி-67 என்ற நான்கையும் கணக்கிட்டுப் பார்க்கும் ஐ.எச்.சி-4, அவற்றோடு நாட்டிங்காம் தரத்தையும் சேர்க்கும் மேகி சமன்பாடுகள் ஆகியவை, வழக்கமான பயாப்சி அறிக்கையிலிருந்தே மதிப்பெண்ணை ஓரளவு ஊகித்துவிடும். மிகக் குறைவு, மிக அதிகம் என்ற இரு ஓரங்களை இவற்றால் பிரித்துவிட்டு, நடுவில் நிற்பவர்களுக்கு மட்டும் விலையுள்ள சோதனையை வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளின் அடித்தளமான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களிடமிருந்து வந்தவை. அக்குறையைத் தீர்க்கும் முயற்சி தமிழ்நாட்டிலேயே தொடங்கியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் பாரத் புற்றுநோய் மரபணு வரைபடத்தை வெளியிட்டது. அதன் முதல் கட்டம் மார்பகப் புற்று. 480 நோயாளிகளின் திசு மாதிரிகள். அது டி.என்.ஏ. மாற்றங்களின் பதிவு. அதன் அருகில் வெளிப்பாட்டுத் தரவும், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த சிகிச்சை விவரமும் சேர்ந்தால்தான் நமக்கான மதிப்பெண் பிறக்கும்.

குமரி மாவட்டத்தின் களம்

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழகத்தில் முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். தாமதத் திருமணம், குறைந்த பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்று சமூகம் முன்னேறும் இடங்களில் மார்பகப் புற்று கூடுவது உலகெங்கும் காணும் போக்கு. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெய்யூரில் பன்னாட்டுப் புற்றுநோய் மையம் இருக்கிறது. எல்லை தாண்டினால் 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். மாவட்டத்தில் எந்த ஊரில் கேட்டாலும் ‘ஆர்.சி.சி.’ என்றால் தெரியும்.

இனி ஒரு துணுக்குச் சதையின் பயணத்தைக் கவனிக்கலாம். ட்ரூகட் ஊசி எடுத்த துணுக்கு சேமியா கனத்தில், விரலின் ஒரு கணு நீளத்தில் இருக்கும். அது உடனே பார்மலினில் விழ வேண்டும். அறுவையில் எடுத்த பெரிய சதையானால் ஒரு மணி நேரத்துக்குள். பார்மலின் பத்து விழுக்காடு, காரஅமிலச் சமநிலை கொண்டதாக இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். பார்மலின் சதைக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இறங்கும். முழு மார்பகத்தை அப்படியே வாளியில் போட்டு மூடிவைத்தால் வெளிப்புறம் பதப்படும். நடுவில் இருக்கும் கட்டி அழுகத் தொடங்கும். சனிக்கிழமை பிற்பகல் அறுவை முடிந்து, திங்கள் காலைவரை யாரும் அதைத் திறந்து கீறிவைக்கவில்லை என்றால் ஈ.ஆர். சிதைந்துபோகும். ஆர்.என்.ஏ. அதைவிட வேகமாகச் சிதையும்.

பிறகு மெழுகில் புதைத்த ‘பிளாக்’. அதிலிருந்து மெல்லிய சீவல், கண்ணாடி, சாயம். நல்ல ஆய்வகத்தில் மருத்துவர் புற்றைப் பார்க்கும் முன்பு பக்கத்தில் நிற்கும் நல்ல பால்நாளத்தைப் பார்ப்பார். அதன் அணுக்களில் சில பழுப்பு நிறம் ஏற்றிருக்க வேண்டும். அதுவும் நிறமின்றி இருந்தால் சோதனையே தோற்றது, ‘ஈ.ஆர். இல்லை’ என்று எழுதாமல் மறுபடி செய்ய வேண்டும். ஒரு விழுக்காடு அணுக்கள் நிறம் ஏற்றாலே ஈ.ஆர். உண்டு என்பது விதி.

இங்கே நடக்கும் தவறு ஒரு பெண்ணிடமிருந்து சில ரூபாய் மாத்திரையையும் அதோடு அவள் ஆயுளையும் பறிக்கிறது. ஈ.ஆர். உள்ளவளை இல்லாதவள் என்று எழுதினால் அவளுக்கு ஹார்மோன் மாத்திரை கிடைக்காது. அதே பிளாக்கை அமெரிக்காவுக்கு அனுப்பினாலும் பதப்படாத சதையிலிருந்து சரியான மதிப்பெண் வராது. இருபத்தோரு மரபணுக்களின் நம்பகத்தன்மையும் அறுவை அரங்கில் அந்தச் சதையைக் கையில் வாங்கும் ஊழியரின் பொறுப்பில் தொங்குகிறது. அவருக்குப் பயிற்சியும் மரியாதையும் தருவதைவிட உயர்ந்த மரபணு முதலீடு இந்த மாவட்டத்தில் வேறில்லை.

பிளாக்கின் பயணமும் கவனிக்கத்தக்கது. பயாப்சி ஓரிடம், அறுவை வேறிடம், கீமோ இன்னோரிடம், கரண்டு வைப்பது (கதிர்வீச்சுச் சிகிச்சை) திருவனந்தபுரத்தில் என்று குடும்பங்கள் அலையும்போது பிளாக்கும் கண்ணாடியும் கைப்பையில் அவர்களோடு பேருந்தில் போகின்றன. தொலைந்தால் மறுபடி எடுக்கச் சதை இருக்காது. பிளாக் நோயாளிக்குச் சொத்து போன்றது. எங்கே இருக்கிறது, எண் என்ன என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லித்தர வேண்டும்.

முதலில் கட்டி சிறிதாக இருக்கட்டும்

சோதனையால் பயன்பெறும் பிரிவினர் பெருக வேண்டுமானால் நோய் சிறிதாக இருக்கும்போதே பிடிபட வேண்டும். நெருக்கமான சான்று திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே 1,15,652 பெண்களைக் கொண்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் மார்பகத்தைப் பரிசோதித்த பகுதிகளில் தொடக்க நிலைப் புற்றுகள் மிகுதியாகப் பிடிபட்டன. மும்பையில் 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஐம்பதும் அதற்கு மேலும் வயதுள்ள பெண்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. மருத்துவரோ மேமோகிராமோ இல்லாமல், பயிற்சி பெற்ற கைகள் மட்டும் செய்த வேலை இது.

2023 நவம்பரில் தமிழக அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த நான்கு மாவட்டங்கள் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி. வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் அழைப்பிதழ் கொடுத்து மக்களை வரவழைத்த திட்டம் அது. நாட்டுக்கே வழிகாட்டும் வாய்ப்பு குமரிக்கு இதனால் கிடைத்திருக்கிறது. ‘வலி இல்லியே, பெறவு பாப்போம்’ என்று தள்ளிப்போடும் வழக்கத்தை உடைக்க இது உதவும். மார்பகப் புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதைக் குளச்சல் கடற்கரையிலும் தோவாளைப் பூச்சந்தையிலும் ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும்.

அடையாறு புற்றுநோய் நிலையமும் தமிழக அரசும் சேர்ந்து 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகின்றன. அந்நிலையத்தின் டாக்டர் சாந்தா போன்றோரின் உழைப்பில் வளர்ந்த பெருஞ்செல்வம் அது. ஒவ்வொரு மார்பகப் புற்றுப் பதிவிலும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, வயது, ஊர் ஆகியவை தவறாமல் ஏறினால் இம்மாவட்டத்தின் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். மணவாளக்குறிச்சி மணலின் இயற்கைக் கதிர்வீச்சே காரணம் என்ற அச்சம் கடலோரத்தில் ஆழமாக இருக்கிறது. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு, அக்கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. குமரிக் கரைக்கும் அதே தரத்தில் பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. அதை ஊர்வாரிப் பதிவும் கட்டியின் வகைவாரிப் பதிவும் சேர்ந்தே நிறைவேற்ற முடியும்.

முடிவாக

இருபத்தைந்து ஆண்டு ஆராய்ச்சியின் சாரத்தை இப்படித் தொகுக்கலாம். மரபணு வெளிப்பாட்டு மார்க்கர்கள் மார்பகப் புற்றைப் பல நோய்களாகப் பிரித்துக் காட்டின. அவற்றில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் எல்லா நோயாளிக்கும் கட்டாயம். பி-63, ஈ-கட்ஹெரின், காட்டா-3 போன்றவை ஐயமுள்ள இடத்தில் நோயை உறுதிசெய்யும். பல மரபணு மதிப்பெண்கள், தெரிந்தெடுத்த ஒரு பிரிவினருக்குக் கீமோவைத் தவிர்க்க உதவும். இளம்பெண்களிடம் அவற்றைக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு இதிலிருந்து ஒரு வரிசை பிறக்கிறது. முதலில் கைப்பரிசோதனையை ஊர்தோறும் நிலைநிறுத்துவது. அடுத்து, ட்ரூகட் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் பார்மலின் நேரத்தைச் சீட்டில் எழுதும் ஒழுங்கு. அடுத்து, மாவட்டத்துக்குள்ளேயே தரச்சான்றோடு மூன்று மார்க்கர்களையும் கட்டணமின்றிப் பார்க்கும் ஆய்வகம், ஹெர்-2 ஐயமானால் அந்த மரபணு பெருகியிருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் பிஷ் (FISH) சோதனைக்கு உறுதியான வழி. அதன் பிறகு, பயன்பெறக்கூடிய பெண்களுக்கு மட்டும், மருத்துவர் குழு பரிந்துரைத்தால், பல மரபணுச் சோதனையை அரசுக் காப்பீட்டின் பொறுப்பில் செய்து தருவது. நான்காவது படியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. முதல் மூன்றையும் செய்து முடித்தால் அந்தக் கோரிக்கையை எந்த அரசாலும் தட்டிக்கழிக்க முடியாது. அதற்கு முன்பே, இன்று தவறான அறிக்கையால் மாத்திரை கிடைக்காமல் போகும் பெண்கள் பிழைத்திருப்பார்கள்.